பட்டிப்பொலவில் சனி, ஞாயிறைக் கழிப்பது எப்படி?

பாங்கொக்குக்கும் சியோலுக்கும் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிற வெள்ளைக்கார ஆசிரியருக்கு, லீவு நாளில் எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா மாவட்டத் தோட்டப் பாடசாலைக்கு முதல் நியமனம் கிடைத்து வருகிற கணித ஆசிரியருக்கு ஒருவரும் இல்லை. கடிதம் வந்ததும் அம்மா அழுவா. மாமா, "மூண்டு வருசம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு, பிறகு மாற்றம் எடுக்கலாம்" என்பார். வழிகாட்டல் அத்தோடு சரி. மீதியை நான் சொல்கிறேன். பட்டிப்பொலவில் அறை எடுத்து, மூன்று கம்பளிப் போர்வையும் ஒரு சோடி சப்பாத்தும் பூஞ்சணம் பிடிக்கப் பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

முதலில் வெள்ளிக்கிழமையைச் சரிசெய்துகொள்ளுங்கள். பதினொரு மணிக்கெல்லாம் தலையிடி வரப் பழகவேண்டும். பாடசாலை விடும்வரை இருந்தால் பதுளையிலிருந்து வருகிற பகல் கோச்சி போய்விடும். அது போனால் கண்டி பஸ் பிந்தும், கண்டி பிந்தினால் யாழ்ப்பாணம் சனிக்கிழமை பின்னேரம். எல்லாம் சரியாக அமைந்தால் சனி விடியப்புறம் வீடு, அம்மாவின் தோசை, ஒரு நித்திரை. ஞாயிறு காலை திரும்பப் பஸ். நேரசூசி போடுகிறவர் வெள்ளி கடைசி இரண்டு பாடவேளையையும் கணிதத்துக்குத் தந்திருந்தால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பின்னம் படிக்காமலே கரைசேர்வார்கள். அதையெல்லாம் யோசித்தால் தலையிடி உண்மையாகவே வந்துவிடும்.

வீட்டுக்குப் போகமுடியாத கிழமைகளும் உண்டு. அவற்றுக்குத்தான் பொழுதுபோக்கு.

பட்டிப்பொலவின் பெருமை அதன் ஸ்டேஷன். இலங்கையிலேயே உயரத்தில் இருக்கிற புகையிரத நிலையம், கடல்மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேல். 1893இல் அப்புத்தளைவரை பாதை போட்ட நாளிலிருந்து இந்தப் பெருமை அசையவில்லை, பல நாட்களில் கோச்சியும் அசைவதில்லை. ஒஹியப் பக்கம் போகிற தண்டவாளம் உச்சியைத் தொட்டுச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. அதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் கதவில் தொங்கியபடி வருகிறார்கள். நீங்கள் வாங்கில் இருந்து பிளேன்டீ குடித்தபடி, தொங்குகிறவர்களை எண்ணலாம். செலவில்லாத பொழுதுபோக்கு இது ஒன்றுதான்.

அடுத்தது அம்பேவெல மாட்டுப்பண்ணை. வீட்டில் மாடு கட்டிப் பால் கறந்த பரம்பரையில் வந்தவர், காசு கொடுத்து மாடு பார்க்கப் போகவேண்டும். நல்ல மாடுகள்தான். மலைமேல் காற்றாலைகள் சுற்றும், பசுக்கள் உங்களை நிமிர்ந்தும் பாராது. பால் பக்கெற் ஒன்று வாங்கிக்கொண்டு, "எங்கட ஊர்ப் பாலின்ர ருசி வராது" என்று சொல்லத் தவறாதீர்கள். வெளியூர் ஆசிரியர் எதைச் சாப்பிட்டாலும் இதைச் சொல்லவேண்டும் என்பது மரபு.

ஹோட்டன் சமவெளிக்குப் போகாதவரை ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். விடியப்புறம் நாலு மணிக்கு எழும்புங்கள். வாசலில் பையைத் திறந்து பொலித்தீனைக் கழற்றி எடுப்பார்கள், ஆகவே சாப்பாட்டை வாழையிலையில் கட்டுவது உத்தமம். ஆனால் இந்தக் குளிரில் வாழைக்கு எங்கே போவது? உலக முடிவில் நிலம் ஏறக்குறைய 870 மீற்றர் சரேலென்று இறங்குகிறது என்று படித்திருக்கிறேன். மூன்று தரம் போனேன், மூன்று தரமும் பனிமூட்டம் எனக்கு முன்னரே வந்து நின்றது. எடுத்த படங்களில் நான் வெள்ளைப் பின்னணியில் நிற்கிறேன். அதிலொன்றைக் கடவுச்சீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

உடுப்புத் துவைப்பதையும் பொழுதுபோக்காகவே கொள்ளுங்கள், ஒரு கிழமை பிடிக்கிற பொழுதுபோக்கு. ஞாயிறு துவைத்த சேர்ட் வியாழன் வரை சொட்டும். அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயவைத்தால் திங்கள் காலை முன்வரிசைப் பிள்ளை மூக்கை உறிஞ்சி, "சேர் வீட்ல வெறகு அடுப்புங்களா?" என்று கேட்கும்.

மொழி பிரச்சினை இல்லை, நாங்களும் தமிழ், அவர்களும் தமிழ் என்ற நினைப்போடு வராதீர்கள். முதல்நாள் இடாப்புக் கூப்பிடும்போது ஒரு பிள்ளைக்கு மறுமொழியாக "ஓம்" என்றேன். பின்வரிசை "நமசிவாய" என்று முடித்துவைத்தது. "கெதியா எழுது" என்றால் பென்சிலை வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். "வெரசா" என்று சொல்லவேண்டும். ஒரு பிள்ளையின் தாய் ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று கேட்டேன். "அம்மா மலைக்குப் போயிருக்குங்க." நான் சிவனொளிபாத மலை யாத்திரை என்று நினைத்து, எப்ப திரும்புவா என்றேன். "நாலு மணிக்கு, கொழுந்து நிறுத்திட்டு." மலை என்றால் அங்கே தேயிலை மலை. படிவத்தில் எழுத, அம்மாவின் முழுப்பேர் என்ன என்று கேட்டேன். பிள்ளை பெருமூச்சு விட்டது. "எங்கங்க சேர்! இந்த மாசம் பாதி நாள் அரைப்பேர்தான்."

பேர் என்றால் ஒரு நாள் கூலி. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் விழும். இது எனக்கு விளங்கியது ஒரு சனிக்கிழமை, அதுவும் கோச்சியைத் தவறவிட்ட புண்ணியத்தில். பட்டிப்பொலவைச் சுற்றிக் கரட்டும் லீக்ஸும் உருளைக்கிழங்கும்தான் அதிகம், தேயிலைக்குக் கொஞ்சம் கீழே இறங்கவேண்டும். வேறு வேலை இல்லாமல் இறங்கினேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, தாயின் சாக்குக்குப் பக்கத்தில் நின்றது. பின்னக் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு எடுத்த அதே பிள்ளை. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதற்குப் பிந்திய காலம் அது.

"இந்தக் கெழம மூணு முழுப்பேரு, மூணு அரைப்பேரு" என்றாள் தாய்.

"நாலரைப் பேரு, நாலாயிரத்து ஐநூறு. வெட்டு போக எவ்வளவுன்னு கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியும்" என்றது பிள்ளை, விரல்கூட மடக்காமல்.

லயத்துக்குக் கூட்டிப்போய் ரொட்டியும் கட்டச் சம்பலும் தந்தார்கள். பிளேன்டீக்குச் சீனி உள்ளங்கையில். உள்ளங்கைச் சீனியை நக்கியபடி குடிக்கும்போது ஓர் ஆசிரியர் எந்த முகத்தை வைத்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு என்னிடம் அறிவுரை இல்லை. பிள்ளை அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தது.

"சேர், நேத்து வந்த தலவலி சரியாயிருச்சுங்களா?"