ஐந்தாவது அட்டை

நான்கு அட்டைகள். ஒன்றில் பாட்டி வடை சுடுகிறாள். ஒன்றில் காகம் வடையைக் கவ்விக்கொண்டு பறக்கிறது. ஒன்றில் நரி மரத்தடியில் நின்று காகத்தைப் பாடச் சொல்கிறது. ஒன்றில் வடை நரியின் வாயில். கலைத்துப் போடுங்கள். நான்கு வயதுக் குழந்தை அடுக்கிவிடும். ‘அப்புறம்’, ‘அதனால’ என்று கதையும் சொல்லும். எழுத்துக்கு முன்பே காரண காரியம் வந்துவிடும். செலவு? பழைய சோப்புப் பெட்டி அட்டையும் ஒரு கரித்துண்டும்.

இவ்வளவு மலிவான காரியம் நம் ஊரில் நடந்துவிடுமா?

நான் போன அங்கன்வாடியில் அட்டைகள் இருந்தன. பீரோவுக்குள். உறை பிரிக்காமல். “ஒண்ணு தொலைஞ்சாலும் ஆடிட்ல நான்தானே சார் பதில் சொல்லணும்?” என்றார் டீச்சர். நியாயம்தான். இருப்புப் பதிவேடு அட்டையைத்தான் எண்ணும். அதைத் தொட்ட விரல்களை எண்ணாது.

அவரை நோக முடியாது. எடை பார்க்க வேண்டும். உயரம் அளக்க வேண்டும். எல்லாவற்றையும் செயலியில் ஏற்ற வேண்டும். சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைச் செல்போனில் பதிய வேண்டும். தேர்தல் என்றால் வாக்காளர் பட்டியலோடு வீடுவீடாக ஏற வேண்டும். மிச்ச நேரத்தில் குழந்தை. 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது இந்த அங்கன்வாடித் திட்டம். அரை நூற்றாண்டாகியும் மத்திய அரசின் கணக்கில் அவருக்குச் சம்பளம் கிடையாது, ‘மதிப்பூதியம்’தான். மதிப்பும் இல்லை, ஊதியமும் இல்லை. சொல் மட்டும் நீளம்.

தனியார் பள்ளியில் அட்டை பீரோவில் தூங்குவதில்லை. கட்டண ரசீதில் விழித்திருக்கிறது. எல்.கே.ஜி. இன்டர்வியூவுக்கும் வருகிறது. எனக்குத் தெரிந்த மூன்றரை வயதுப் பையன் நரியை முதலில் வைத்தான். “நரி முன்னாடியே ஒளிஞ்சு பாத்துட்டு இருந்துச்சு” என்றான். இதைவிட அரசியல் ஞானம் வேண்டுமா? மேடம் தப்பு என்று சிவப்பு மையில் குறித்தார்.

சேர்க்கைக்குத் தேர்வு வைப்பது குற்றமாயிற்றே என்பீர்கள். ஆமாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு. முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே சட்டத்துக்குக் குழந்தை என்றால் ஆறு முதல் பதினான்கு வயதுவரைதான். நம் பையன் சட்டப்படி இன்னும் பிறக்கவே இல்லை.

அவனுக்கென்று அரசியல் சாசனத்தில் 45ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு வயதுவரை பராமரிப்பும் கல்வியும் தர அரசு ‘முயலும்’. 2002இல் திருத்தி எழுதிய வாசகம். பெயரில் முயல், நடையில் ஆமை. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் முடிந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே எழுதி வைத்திருக்கிறது. தெரியாமல் செய்தால் தவறு. தெரிந்தே செய்தால் அதற்குப் பெயர் கொள்கை.

அன்று நான் கெஞ்சியதில் ஓர் உறை பிரிந்தது. நான்கையும் அடுக்கிய சிறுமி கேட்டாள்: “பாட்டிக்கு அப்புறம் என்ன ஆச்சு?”

டீச்சர் உறைக்குள் தேடினார். ஐந்தாவது அட்டை இல்லை.

உளுந்து பாட்டியுடையது. எண்ணெய் பாட்டியுடையது. அடுப்பில் வெந்ததும் அவள்தான். காகத்துக்குப் பாட்டு, நரிக்கு வடை. பாட்டிக்கு அதற்கப்புறம் ஒரு படம்கூடக் கிடையாது.

பரவாயில்லை. வரி கட்டும் நமக்கு அவள் முகம் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம்.