மீட்டர் மாமா

மலையகத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு சாதி. கார் ஓடினால் போதும் என்பவர்கள் ஒரு சாதி. ஓடாவிட்டாலும் பரவாயில்லை, டேஷ்போர்டில் இருப்பதெல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்பவர்கள் மறுசாதி. இந்த இரண்டாவது சாதிக்காரர் கந்தப்பளையிலும் உண்டு, வலப்பனையிலும் உண்டு. நாம் ராகலைக்காரரை எடுத்துக்கொள்வோம். பேர் வேண்டாம், மீட்டர் மாமா என்றால் போதும்.

மாமாவிடம் இருப்பது மொரிஸ் மைனர். அதன் பொனட்டைத் திறந்தால் உள்ளே ஜப்பான் எஞ்சின், ஜப்பான் கியர்பொக்ஸ். சீட்டுத் தையல் நுவரெலியா. கேட்டால், "அதெல்லாம் உள் சாமான் தம்பி, யாரு பார்க்கப் போறா? மீட்டர மாத்துனா அது வேற காரு" என்பார்.

மைனர் 1948-இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார். 1954-இல் டேஷ்போர்டை மாற்றினார்கள். சாரதிக்கு எதிரே இருந்த மீட்டர்கள் போய், நடுவில் ஒரே ஒரு பெரிய வட்ட மீட்டர் வந்தது. பெட்ரோல் அளவுகூட அதற்குள்தான். மாமா இந்த வரலாற்றை மகளின் பிறந்த திகதியைவிடத் துல்லியமாகச் சொல்வார். 1990-களில் இலங்கையிலேயே மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியதையும் பெருமையோடு சொல்வார். பிறகு ஒரு பெருமூச்சு: "தகரம் அடிச்சிரலாம் தம்பி. மீட்டர அடிக்க முடியுமா?"

அடிக்க முடியாததால் தேட வேண்டும். பழைய பாகங்கள் கிடைக்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்கு இரவு பஸ் ஏறுவார். கடைக்காரர் தூசு தட்டி ஒரு மீட்டரை நீட்டி, "எல்லாம் ஒண்ணுதான் மாத்தயா" என்பார். மாமா பதில் சொல்லமாட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மீட்டர் முகத்தின் அடியில் பொடியாக அச்சடித்திருக்கும் எண்ணைத் தேடுவார். ஸ்மித்ஸ் கம்பனி மீட்டர்களில் அந்த எண் முக்கியம். ஒரு மைல் தூரத்துக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றும் என்ற கணக்கு அது. கியர்பொக்ஸ், பின் அச்சு, டயர் மூன்றுக்கும் அது பொருந்தினால்தான் முள் உண்மை பேசும். எண் சரியில்லை என்றால் மாமா வெறுங்கையோடு ராகலைக்குத் திரும்பிவிடுவார்.

ஹட்டன் பக்கம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில், வாசல் கொட்டிலில் ஒரு பழைய கார் நின்றது. மற்றவர்கள் உள்ளே போய்ப் பலகாரம் சாப்பிட, மாமா கொட்டிலிலேயே நின்றுவிட்டார். திரும்பும் வழியில் மாமி கேட்டார், "மாப்பிள்ள எப்படிங்க?"

"கண்ணாடி வெடிக்கல. சோக் குமிழுதான் வேற."

மாமி அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். அவருக்கு வேறு கவலை. "ஏங்க, கூரத் தகரம் ஒழுகுது. அதுக்கும் லண்டன் தகரம்தான் வரணுமா?"

கடைசியில் சரியான மீட்டர் கிடைத்தது. அதைப் பொருத்துவது தனிக் கலை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத நட்டை விரல் நுனியால் பிடித்துத் திருக வேண்டும். புறங்கைத் தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். கேபிளுக்குக் கிரீஸ் பூசும்போது மேல்முனையைச் சும்மா விட வேண்டும். இல்லாவிட்டால் கிரீஸ் சுற்றிச் சுற்றி ஏறி மீட்டருக்குள் புகுந்துவிடும். இதெல்லாம் மாமாவுக்கு அத்துப்படி. ஜப்பான் கியர்பொக்ஸுக்கு ஒரு முனை, ஆங்கில மீட்டருக்கு ஒரு முனை என்று கராஜ் பாஸைக் கொண்டு ஒட்டுக் கேபிளும் செய்வித்தார்.

வெள்ளோட்டம் லிடஸ்டேல் பக்கம். ஏற்றத்தில் முள் 40 மைலைத் தொட்டது. அப்போது கொழுந்துச் சாக்கோடு நடந்து வந்த ஒருவர் காரை முந்திக்கொண்டு போனார். எண் பொருந்த வேண்டியது அந்தக் காலத்துக் கியர்பொக்ஸுக்கு. உள்ளே இருப்பதோ ஜப்பான். இதை மெல்ல எடுத்துச் சொன்னபோதும் மாமா அசரவில்லை. "மீட்டர் சரி தம்பி. காருதான் பிழை."

சிரிக்கலாம். ஆனால் ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் துரை கார். நம் ஆட்கள் அதைக் கழுவினார்கள், சேற்றில் மாட்டினால் தள்ளினார்கள். மீட்டரைப் பார்த்தது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவர் மட்டும்தான். 1975-இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. துரைமார் போனார்கள்; கார்கள் இங்கேயே நின்றன. அந்தப் பத்தாண்டில் இறக்குமதி இறுகிக் கிடந்ததால் அவற்றை ஒட்டியும் வெட்டியும் ஓட்டினோம். 2020 மார்ச்சில் மறுபடி வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, கோழிக்கூண்டாகக் கிடந்த கார்களுக்கும் விலை வந்தது. அவை அழியாமல் இருந்ததற்கு மீட்டர் மாமாக்களும் காரணம். அன்று தள்ளியவர்களின் பேரன் இன்று அந்த மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அது ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம்தான்.

ஆகவே வாசகர்களே, உங்கள் லயத்துப் பரணிலோ கராஜ் மூலையிலோ பழைய மீட்டர் கிடந்தால் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். ராகலைக்குக் கொண்டு வாருங்கள். முகத்தின் அடியில் இருக்கும் எண்ணை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அது பிழையென்றால் மாமா ஒரு சாயத் தண்ணிகூடத் தரமாட்டார்.