கூரைமேல் ஓர் ஊர்

சியாட்டிலில் துவாமிஷ் ஆற்றங்கரையில் போயிங்கின் இரண்டாம் ஆலை இருந்தது. பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பிறந்த இடம். இரண்டாம் உலகப்போரில் எதிரியை ஏமாற்ற அதன் கூரைமேல் ஓர் ஊரையே ஜோடித்தார்கள்: போலி வீடு, போலி மரம், போலித் தெரு. குப்பையில்லை, சாக்கடையில்லை, கவுன்சிலர்கூட இல்லை. இதல்லவா நகர நிர்வாகம்!

கீழே ஆற்றில் பிசிபி நஞ்சு கலந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவா போகிறது?

2010-ல் ஆலையை இடிக்கத் தொடங்கினார்கள். இடிக்கும்போது ஆற்றில் தூசி விழாமல் பார்த்துக்கொள்வதுதானே நாகரிகம்? எழுபது ஆண்டுக் கணக்கை அந்த நேரத்தில் கிளறுவது பண்பாடல்ல.

மாநிலச் சுகாதாரத் துறையும் இந்த ஆற்று மீன்களுக்குக் குடியுரிமை பார்த்துச் சான்றிதழ் தந்திருக்கிறது. கடலிலிருந்து வந்துபோகும் சால்மனைச் சாப்பிடலாம். ஆற்றோடு குடியிருக்கும் மீன், நண்டு, சிப்பி கூடாது.

சால்மன் விவரமானது. இங்கே மனை வாங்கவில்லை.