ஹைதர் வீட்டுக் கடலோர முகாம்

குடும்பத்தோடு கிளம்பி, கடலோரமாகக் கூடாரம் அடித்துத் தங்குவது ஏதோ நேற்று வந்த மோகம் என்று நினைக்க வேண்டாம். கடலூர், சிதம்பரம் பக்கம் அதைத் தடபுடலாகச் செய்து காட்டியவர் மைசூர் ஹைதர் அலி. 1780 ஜூலையில் மலையிறங்கினார். கூட மூத்த பிள்ளை திப்பு, இளையவன் கரீம், துணைக்கு 80,000 பேருக்கு மேல்.

சின்னவனுக்கு அப்பா கொடுத்த வேலை, பரங்கிப்பேட்டைக்குப் போய்ச் சாமான் கொண்டுவருவது. போனான், கடை கடையாக அள்ளினான், காசைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. பெரியவன் செப்டம்பரில் பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் பெய்லி படையை மடக்கினான். அப்பாவும் வந்து சேர்ந்து கதையை முடித்தார். வழியில் இருந்த ஊர்கள் எரிந்ததைப் பயணச் செலவில் யாரும் எழுதவில்லை.

கும்பினியார் பதறிப்போய் வங்காளத்திலிருந்து ஜெனரல் அயர் கூட்டை வரவழைத்தார்கள். 1781 பிப்ரவரியில் கடலூருக்கு வந்து சேர்ந்த கூட்டுக்கு அரிசியும் இல்லை, வண்டி இழுக்க மாடும் இல்லை. தரைப்பக்கம் முழுக்க ஹைதர். கடல்பக்கம் அவருக்குத் துணையான பிரெஞ்சுக் கப்பல்கள். இன்னும் சில வாரம் அவை நின்றிருந்தால் கும்பினிப் படை பட்டினியிலேயே சரணடைந்திருக்கும். ஆனால் கப்பல் தளபதி தோர்வ், ஹைதர் எவ்வளவு மன்றாடியும் கேளாமல் மொரீஷியஸுக்குப் பாய் விரித்துவிட்டார். கடற்கரை முழுவதும் ஹைதருடையது, கடல் மட்டும் அவருடையதில்லை. இந்தக் குடும்பத்தின் கஷ்டம் எல்லாம் அதில்தான்.

சிதம்பரத்தில் நல்ல இடமாகப் பிடித்திருந்தார்கள். நடராஜர் கோயிலுக்குள்ளேயே பட்டாளம், தானியம், பீரங்கி. கருங்கல் மதிலும் நாலு கோபுர வாசலும் எந்தக் கூடாரத்துக்கு வாய்க்கும்? பிரெஞ்சுக்காரர்களும் முன்னால் அங்கே தங்கிப் பார்த்தவர்கள்தாம். தானியம் கிடைக்குமென்று ஜூன் 18 அன்று கூட் வந்து வாசலை இடித்தார். உள்ளே இருந்தவர்கள் நன்றாகத் ‘தரிசனம்’ காட்டி அனுப்பினார்கள்.

ஜூலை 1, பரங்கிப்பேட்டை மணலில் கூட் பதிலுக்கு மொய் எழுதினார். அவரிடம் 8,000 சொச்சம் பேர். மற்றது கடலில் நின்ற கப்பல் பீரங்கி. மேட்டில் ஓர் ஆசனத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த ஹைதர், படை கலைந்த பிறகும் கோபத்தில் எழுந்திருக்க மறுத்தாராம். கடைசியில் பழைய குதிரைக்காரன் ஒருவன் உரிமையோடு அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டு, இவர்களை நாளைக்குக் கவனித்துக்கொள்ளலாம், இப்போது குதிரையில் ஏறுங்கள் என்றானாம். கர்னல் வில்க்ஸ் எழுதிவைத்த கதை இது. வீட்டுப் பெரியவரைக் கிளப்ப வேலைக்காரனால்தான் முடியும் என்பதால் நான் நம்பத் தயார்.

மறுவருஷம் ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்களும் மைசூர்க்காரர்களும் சேர்ந்து கடலூரைப் பிடித்தார்கள். ஜூலையில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரேன் விருந்தாளியாக வந்தார். போர்க்களத்தில் புலி, உடம்போ பத்தாயக் கணக்கு. கம்பளத்தில் சம்மணம் போட முடியாமல் மனிதர் தவிக்க, ஹைதர் திண்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, வசதிப்படி உட்காருங்கள் என்றார். கப்பலைப் பார்க்க வாருங்கள் என்ற அழைப்பை மட்டும் நாசூக்காகத் தட்டிக்கழித்தார்: உங்களைப் பார்த்தாயிற்று, கப்பலில் இனி என்ன இருக்கிறது என்ற பாணியில். கடல் விஷயத்தில் அவருக்கு ஏற்கெனவே சூடு பட்டிருந்ததே.

அந்த டிசம்பர் 7-ஆம் தேதி, சித்தூர்ப் பக்கம் முகாமிலேயே, முதுகில் வந்த ராஜபிளவையால் ஹைதர் கண்மூடினார். திப்பு அப்போது மலபாரில். பிள்ளை வந்து சேரும்வரை செய்தி வெளியே போகக் கூடாதென்று, உடலை வாசனைப் பொடி நிறைத்த பெட்டியில் வைத்து, கொள்ளைப் பொக்கிஷம் போவது போலக் காவலோடு கோலாருக்கு அனுப்பினார்கள். இத்தனை பொருளை அள்ளிய குடும்பம் கடைசியில் இப்படி ஒரு பெட்டியைக் கட்டியது.

கடலூரில் மட்டும் கூத்து ஓயவில்லை. 1783 ஜூனில் கும்பினியின் ஜெனரல் ஸ்டூவர்ட் வெளியே, பிரெஞ்சுத் தளபதி, கீல்வாதக்காரர் புஸ்ஸி உள்ளே. 13-ஆம் தேதி தரையில் அடிதடி, 20-ஆம் தேதி கடலில். மாதக் கடைசியில் சமாதானக் கொடியோடு ஒரு கப்பல் வந்தது: ஐரோப்பாவில் இரு தரப்பாரும் ஜனவரியிலேயே ராஜியாகிவிட்டார்களாம். மங்களூர்க் கோட்டையைச் சுற்றி நின்ற திப்புவிடமும் கூட இருந்த பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சொல்லிவிட்டு, பீரங்கியை ஓரமாக வைத்து ஒதுங்கிக்கொண்டார்கள். அப்பாவை விட்டுத் தோர்வ் போனது கப்பலில். பிள்ளையை விட்டு இவர்கள் நடந்தே போனார்கள்.