ஒரு ஸ்பூன், ஐந்து பேர்

எங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்ட ஐந்து பேர் வேண்டும். மடியில் இருத்திக் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர், ஸ்பூன் பிடிக்க ஒருவர், பாட்டுப் பாட ஒருவர், காக்கா காட்ட ஒருவர், பெங்களூரிலிருந்து வீடியோ காலில் "வாயைத் தொடைங்க, வாயைத் தொடைங்க" என்று சொல்ல ஒருவர். கடைசியாகச் சொன்னவர் மாப்பிள்ளை. காக்காத் துறை என்னுடையது. வங்கியில் கடன் வசூல் பிரிவில் காலம் தள்ளியவன் நான். கண்ணுக்கு முன்னால் இருப்பவர் வாயைத் திறக்கவே மாட்டார் என்று தெரிந்தும் முகம் மாறாமல் உட்கார்ந்திருக்கும் பயிற்சி அங்கே கிடைத்ததுதான்.

முதல் ஆறு மாதம் எங்கள் யாருக்கும் வேலை இருக்கவில்லை. தாய்ப்பால் மட்டும்தான், இடையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைப் பாளையங்கோட்டையில் அமல்படுத்தியவள் என் மகள். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் சுவரே வேர்க்கும். "பச்சப்புள்ளைக்கு நாக்கு வறண்டு கெடக்கு. பாலாடையில ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டா குடியா முழுகிரும்?" என்பாள் என் மனைவி, பேரனுக்கு ஆச்சி. "தாய்ப்பால்ல நூத்துக்கு எம்பத்தேழு பங்கு தண்ணிதாம்மா" என்பாள் மகள். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் என்று ஆச்சி பார்த்துப் பார்த்து வைத்திருந்த உரைமருந்தெல்லாம் உரைகல்லோடு பரணுக்குப் போயிற்று. தேனுக்கும் தடை. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து விஷம் உண்டாக்கிவிடும். "மார்த்தாண்டம் தேனா இருந்தாலுமா?" என்று நாகர்கோவில் சம்பந்தி அம்மா போனில் கேட்டார். மார்த்தாண்டமாக இருந்தாலும்தான்.

ஏழாம் மாதம் பிறந்ததும் கேப்பைக் கூழ். ஊறவைத்து, ஆட்டி, என் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, தெளியவைத்து, அடிபிடிக்காமல் கிண்டி, ஆற்றி, ஆச்சி கொண்டுவந்தாள். கேப்பையில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து என்று மகள் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினாள். பேரன் முதல் ஸ்பூனை வாங்கினான். கொஞ்ச நேரம் யோசித்தான். நாக்காலேயே முழுவதையும் வெளியே தள்ளினான்.

உடனே வீடு இரண்டாகப் பிரிந்தது. "உப்பு இல்ல, அதான் துப்புதான்" என்பது ஆச்சியின் தீர்ப்பு. ஒரு வயது வரை உப்பும் கிடையாது, சீனியும் கிடையாது என்பது மகளின் சட்டம். அவன் அப்பாவுக்கும் கேப்பை ஆகாது, பரம்பரைக் குணம் என்றார் சம்பந்தி அம்மா. டாக்டரம்மாவிடம் போனால் அவர் சிரித்துவிட்டார். வாய்க்குள் வருவதையெல்லாம் நாக்கு வெளியே தள்ளுவது குழந்தை பிறக்கும்போதே கொண்டுவரும் அனிச்சைச் செயல். நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது குறையத் தொடங்கும். சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாமதமாகும். ஒரு ருசி பழகுவதற்கே எட்டுப் பத்துத் தடவை கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆக, அவன் துப்பியதில் கருத்து எதுவும் இல்லை. கருத்தெல்லாம் எங்களுடையதுதான்.

அடுத்த சண்டை பருப்புத் தண்ணீர். தமிழ்நாட்டில் குழந்தை உணவு என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர்தான்: பருப்புத் தண்ணீர், கேரட் வேகவைத்த தண்ணீர், இட்லிக்கு ரசத் தண்ணீர். பருப்பைக் குக்கரிலேயே விட்டுவிட்டு, மேலே தெளிந்ததைக் குழந்தைக்குக் கொடுத்து, அடியில் தங்கியதைப் பெரியவர்கள் சாம்பாராக்கிச் சாப்பிடுகிறோம். இதற்கு 'எளிதில் செரிக்கும்' என்று பெயர் வேறு. டாக்டரம்மா என்னிடம் கணக்காகவே சொன்னார், வங்கிக்காரன் என்பதால். குழந்தையின் வயிறு எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். எட்டுக் கிலோப் பிள்ளை என்றால் 240 மில்லி, ஏறக்குறைய ஒரு டம்ளர். ஆறிலிருந்து எட்டு மாதத்தில் தாய்ப்பால் போக, வெளி உணவிலிருந்து மட்டும் நாளுக்கு 200 கலோரி உள்ளே போக வேண்டும். அந்த டம்ளரைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் கலோரிக்கு எங்கே இடம்? ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகி ஓடக் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் பதம். குழையவிட்ட சோறு, மசித்த பருப்பு, மேலே அரை ஸ்பூன் நெய். வராக் கடன் எப்படி உண்டாகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

இதில் ஆச்சி ஒரு இடத்தில் ஜெயித்தாள். கேப்பையை முளைகட்டிக் காயவைத்து வறுத்துத் திரிப்பது அவள் அம்மா வழி. முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். அதனால் மாவைக் கூடுதலாகப் போட்டாலும் கூழ் கட்டியாகாமல் நெகிழ்ந்து வரும். தண்ணீர் சேர்க்காமலே விழுங்க எளிது, சத்தும் குறையாது. டாக்டரம்மா இதைச் சொல்லிப் பாராட்டியதிலிருந்து ஒரு வாரம் வீட்டில் யாரும் ஆச்சியிடம் பேச முடியவில்லை.

அந்த வாரம் பார்த்து நாகர்கோவிலிலிருந்து ஏத்தங்காய்ப் பொடி வந்தது. சம்பந்தி அம்மா தன் கையால் காய் சீவி, மொட்டைமாடியில் காயவைத்து இடித்தது. "மதினி, எங்க ஊர்ல இதைக் குடிச்ச புள்ளைய ஒரு கையால தூக்க முடியாது" என்று உத்தரவாதமும் கூடவே வந்தது. நல்ல உணவுதான். ஆனால் பெரும்பாலும் மாவுச்சத்து, புரதமும் இரும்பும் குறைவு. இதைச் சம்பந்தி வீட்டில் யார் சொல்வது? யாரும் சொல்லவில்லை. ஒருநாள் கேப்பை, மறுநாள் ஏத்தங்காய் என்று ஒப்பந்தமாயிற்று.

இரும்புதான் பெரிய தலைவலி. பிறக்கும்போது குழந்தை கொண்டுவரும் இரும்புச் சேமிப்பு ஆறு மாதத்தோடு பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு கொஞ்சம்தான். 2019–21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வசதியான வீடுகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆகவே டாக்டரம்மா எழுதிக்கொடுத்தார்: முட்டை, மீன், ஈரல்.

எங்களுடையது சைவ வீடு. அந்தச் சீட்டை ஆச்சி ஜோசியர் எழுதிய கண்டச் சீட்டு மாதிரி இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள். மீனும் ஈரலும் முதல் சுற்றிலேயே தோற்றன. முட்டை மட்டும் பேச்சுவார்த்தைக்குப் பிறகு மொட்டைமாடி வரை அனுமதிக்கப்பட்டது. தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரித்துணி. வாங்கிவரும் பொறுப்பு எனக்கு. அதுவும் நம் தெருக் கடையில் கூடாது. முழுசாக வெந்த முட்டையைச் சோற்றோடு பிசைந்து கொடுத்தபோது பேரன் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான். "பாத்தியளா, பெங்களூர் ரத்தம்" என்றாள் ஆச்சி. கீழ்த்தளத்தில் அவள் தன் பங்குக்கு முருங்கைக்கீரையை மசித்துப் பருப்போடு சேர்த்து, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்பை உடம்பில் சேர்க்கும். ஆக மாடியும் கீழ்த்தளமும் போட்டியில் இருந்ததில் லாபம் பேரனுக்கு.

இப்படி யாரும் தலையிடாமல் குழந்தையே தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? கிளாரா டேவிஸ் என்று ஒரு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதைப் பார்த்தார். 1920களின் பிற்பகுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். திட உணவு எதையும் ருசித்திராத 15 குழந்தைகள். கறி, முட்டை, பால், பழம், தானியம், எலும்பு மஜ்ஜை என்று 34 உணவுகள் கொண்ட பட்டியல். தட்டுகளைக் குழந்தை முன்னால் வைத்துவிட வேண்டும். அது எதைத் தின்கிறதோ, எவ்வளவு தின்கிறதோ, அதன் இஷ்டம். எதையெதையோ கலந்து தின்றும் பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தன. எலும்பு வளைந்திருந்த ஒரு குழந்தை மீனெண்ணெயைத் தானாகவே எடுத்துக் குடித்து, குணமானதும் விட்டுவிட்டது. இதையெல்லாம்விட என்னை வியக்கவைத்தது நர்ஸுகளுக்குப் போட்ட விதி: பக்கத்தில் உட்காரலாம், குழந்தை கை காட்டினால் ஒழிய ஊட்டக் கூடாது, எதைத் தின்றாலும் நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது. அந்தச் சோதனையை ஏன் நம் ஊரில் நடத்தியிருக்க முடியாது என்று இப்போது விளங்கியிருக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும்: அந்தப் பட்டியலில் பிஸ்கட் இல்லை. பெரியவர்கள் நல்லதை மட்டும் வைத்ததால்தான் குழந்தைகள் நல்லதைத் தேர்ந்தெடுத்தன. என்ன வைப்பது என்பது நம் வேலை, எவ்வளவு என்பது அவர்கள் வேலை. நாம் தலைகீழாகச் செய்கிறோம். டீயில் தோய்த்த பிஸ்கட்டை வைத்துவிட்டு, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்கிறோம். டீ வேறு இரும்பைச் சேரவிடாது.

நடுவில் செல்போன் வந்தது. அதில் பாட்டு ஓடினால் வாய் தானாகத் திறக்கும், என்ன போகிறது என்று அவனுக்கே தெரியாது. ஐந்து பேர் வேலையை ஒரு போன் பார்த்தது. வயிறு நிறைந்ததா என்று தெரியாமலே விழுங்கப் பழகிவிடுவான் என்று டாக்டரம்மா அதற்குத் தடை போட்டார். என் துறை மீண்டும் செழித்தது. காக்காவின் பெருமையே, அது பறந்து போய்விடும் என்பதுதான். அடுத்த காக்கா தானாக ஓடத் தொடங்காது.

இப்போது அவனுக்கு வயது ஒன்று முடிந்துவிட்டது. தனித் தட்டு. நாங்கள் சாப்பிடும்போது கூடவே உட்காருகிறான். இட்லியில் பாதி வாய்க்கு, மீதி தலைக்கு. பயறு, கேரட் எல்லாம் விரலால் நசுங்கும் அளவுக்கு வெந்திருக்க வேண்டும். முழு நிலக்கடலையும் முழுத் திராட்சையும் தொண்டையில் சிக்கும் என்பதால் பக்கத்திலேயே வருவதில்லை. தரையைக் கூட்டும் துறை புதிதாகத் தொடங்கப்பட்டு, அதுவும் என்னிடமே வந்திருக்கிறது.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவினர் ஒருவர் வருவார். கன்னத்தைக் கிள்ளுவார். "என்ன, புள்ள எளைச்சுட்டான்?" என்பார். காபி குடித்துவிட்டுப் போய்விடுவார். அன்றிரவே வீட்டில் ஸ்பூன் திரும்பவும் துப்பாக்கியாகிவிடும். உண்மை என்னவென்றால், முதல் ஆறு மாதத்தில் ஏறுகிற வேகத்தில் குழந்தையின் எடை அதற்குப் பிறகு ஏறாது. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஐந்தாறு மாதத்தில் ஆறு கிலோ ஆகும். ஒன்பதைத் தொட ஒரு வயதாகிவிடும். தவழ்ந்து, நின்று, நடக்கத் தொடங்கினால் கன்னச் சதை கொஞ்சம் வடியத்தான் செய்யும். எடை சரியா என்று சொல்ல அங்கன்வாடியிலும் ஆஸ்பத்திரியிலும் தராசும் வளர்ச்சி அட்டையும் இருக்கின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வரும் பெரியோர்களே, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். கையில் பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதிலாக ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தால், காபியும் இன்னொரு டம்ளர் கிடைக்கும்.