கிளஸ்டர் சார்

மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை எந்த ஐ.டி. கட்டடத்தில் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். ஏசி அதிகமாக அடிக்கும் மூலையில், சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார். எங்கள் அலுவலகத்தில் அவருக்குக் கிளஸ்டர் சார் என்று பெயர். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்த கூரியர் பையனை, ‘அப்படி யாரும் இங்க இல்லையே’ என்று நாங்களே திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

சார் ஆள்வது ஆறு சர்வர்கள் சேர்ந்த ஒரு கிளஸ்டர். ஆறுக்கும் அறுபடை வீட்டுப் பெயர். ராத்திரி போன் வந்து, ‘என்னது, பழனி விழுந்துடுச்சா?’ என்று அவர் கத்தும்போதெல்லாம் அவர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாராம்.

எந்த சர்வரில் எது ஓடுகிறது, எதை அணைத்தபின் எதை அணைக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டால், நெற்றிப்பொட்டை ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு தட்டுவார். பதினைந்து வருடமாக அதுதான் டாக்குமென்ட். தங்கை கல்யாணத்தில், கெட்டிமேளத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் கமாண்ட் சொன்னவர். அதை ஏதோ கஷ்டம் என்று நினைத்து நீங்கள் பரிதாபப்பட்டால் கோபித்துக்கொள்வார். அது அவர் வாங்கிய பதக்கம்.

இத்தனையையும் அவர் செய்வது அன்சிபிள் என்ற கருவியால். செய்ய வேண்டியதைப் பிளேபுக் என்ற கோப்பில் எழுதி ஓட்டினால் சர்வர்களில் அது செய்து முடிக்கும். 2012இல் வந்தது. பெயர் மட்டும் பழையது: உர்சுலா லெ குவின் 1966இல் எழுதிய நாவலில், எத்தனை ஒளியாண்டு தள்ளியிருந்தாலும் சேதியை அந்த நொடியே கொண்டு சேர்க்கும் சாதனத்துக்கு அந்தப் பெயர். நம் சாருக்குக் காலையில் அனுப்பிய மெசேஜுக்குப் பதில் சாயங்காலம் பஜ்ஜி நேரத்தில் வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ராஜ்யத்தில்தான் மேலிடத்து உத்தரவு வந்தது. இனி கிளஸ்டரை ஏஐ ஏஜென்ட் பார்த்துக்கொள்ளும். அது படிப்பதற்கு சார் ஒரு கோப்பு எழுதித் தரவேண்டும். ‘ஏஜென்ட்ஸ் டாட் எம்டி’ என்று இப்போது எல்லா ப்ராஜெக்டிலும் போட்டு வைக்கிறார்களே, அதேதான்.

சார் எழுதினார். மொத்தம் நாலு வரி. பிளேபுக்கை ஓட்டவும். வழக்கம்போல ரீஸ்டார்ட் செய்யவும். திருத்தணியைத் தொட வேண்டாம். பிரச்சினை என்றால் என்னைக் கூப்பிடவும்.

நல்லவேளை, சோதனை கிளஸ்டரில்தான் முதலில் ஓட்டினோம். ஏஜென்ட் சமர்த்தாக எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் செய்தது. கிளஸ்டரின் நினைவு முழுக்க எட்சிடி என்ற ஒன்றில் இருக்கிறது. அது மூன்று சர்வரில் ஓடினால் குறைந்தது இரண்டு விழித்திருக்க வேண்டும். இல்லையென்றால் எந்த மாற்றத்தையும் ஏற்காது. மூன்று வாட்ச்மேனில் ஒருவர் டீக்குப் போகலாம். இங்கே மூன்று பேரையும் ஏஜென்ட் சேர்த்து அனுப்பிவிட்டது.

‘ஒவ்வொண்ணாத்தான் பண்ணணும். இதுகூடவா தெரியாது?’ என்றார் சார்.

இந்த வசனம் எங்களுக்குப் புதிதில்லை. சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோரும் வாங்கியதுதான். நாங்கள் ‘தெரியும் சார்’ என்று தலையாட்டிவிட்டு, டீக்கடையில் யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொள்வோம். ஏஜென்டுக்கு டீக்கடை கிடையாது. ‘வழக்கம்போல’ என்றால் யார் வழக்கம்?

1951இல் மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ எழுதியபோது, சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று அளவு போட்டு எழுதினார். பக்கத்தில் மாமியார் இல்லாத பெண்ணும் சமைக்க வேண்டுமே. சாருக்கு இது புரிய இரண்டு நாள் ஆனது. புரிந்தபின் ஆளைப் பிடிக்க முடியவில்லை.

முதலில் செக் மோடில் ஓட்டிப் பார், எதெல்லாம் மாறப்போகிறது என்று சொல், பிறகு கையை வை என்று எழுதினார். சர்வர்கள் ஒவ்வொன்றாகப் போக, சீரியல் என்ற இடத்தில் ஒன்று என்று போடு. அதே பிளேபுக்கை மறுபடி ஓட்டினால் எல்லாம் பச்சையாக வரவேண்டும். மறுபடியும் ஏதோ மாறியது என்று மஞ்சள் தெரிந்தால் பிளேபுக்கில் கோளாறு, நில். பிளேபுக் எழுதும் யாமல் கோப்பில் உள்தள்ள டேப் ஆகாது, ஸ்பேஸ் மட்டும். நார்வேயின் நாட்டுக்குறியான ‘என்ஓ’வை மேற்கோள்குறி இல்லாமல் போட்டால் பழைய யாமல் விதிப்படி ‘இல்லை’ என்றாகிவிடும். நாடே காணாமல் போகும் என்று அதற்கு ஒரு தனிப் பத்தி. எங்களுக்கு நார்வேயில் ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடையாது.

திருத்தணி விஷயம்தான் இழுத்தது. தொடாதே என்று எழுதியிருக்கிறது, காரணம் எழுதவில்லை. ஏஜென்டும் தொடவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும், ‘திருத்தணியில் மென்பொருள் பழசாக இருக்கிறது, புதுப்பிக்கட்டுமா?’ என்று பணிவாகக் கேட்டது. ஏழாவது தடவை, ராத்திரி பதினொரு மணிக்கு, சார் பொறுமையிழந்து இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினார்: ‘அங்க சம்பளக் கணக்கு ஓடுதுடா. மாசக் கடைசில கிட்ட போகாத.’ அதற்கு அது நன்றாகவே புரிந்தது. நாலு வருடமாகத் திருத்தணியைச் சுற்றி நடந்துபோன எங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோப்பு இப்போது இருபது பக்கம். நாங்கள் பிரிண்ட் எடுத்து டிராயரில் வைத்திருக்கிறோம். புதிதாகச் சேர்ந்த பெண் ஸ்பைரல் பைண்டிங்கே போட்டுவிட்டாள்.

மனசு கேட்காமல் ஒருநாள் கேட்டேன். ‘இதை எங்களுக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்கலாமே சார்?’

‘உங்களுக்கு எழுதினா யாருப்பா படிக்கிறீங்க? அது ஒவ்வொரு தடவையும் முதல் வரிலேர்ந்து படிக்குது.’

பதில் சொல்ல முடியவில்லை. நான் ஆறாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

இருபதாம் பக்கத்தின் கடைசி வரி மட்டும் பழையபடியே இருக்கிறது: பிரச்சினை என்றால் என்னைக் கூப்பிடவும். கீழே மொபைல் நம்பர். ஏஜென்டிடம் போன் இல்லை என்று சொல்லிப் பார்த்தோம். அந்த வரியை எடுக்க மாட்டேன் என்கிறார்.