கூலி அளக்கும்போது எந்தப் பக்கம்?

என்னடா தம்பி, பட்டணத்துல படிச்சிட்டு வந்து 'நான் இடதுசாரி'ங்கிற. நல்லதுதான். அதுல எந்த வகைன்னு கேட்டா ஏண்டா முழிக்கிற?

1789-ல பிரான்சு சபையில, ராஜாவுக்கு ரத்து அதிகாரம் கூடாதுன்னவங்க தலைவருக்கு இடப்பக்கமா உக்காந்தாங்க. பேரு வந்த கதை அம்புட்டுத்தான். ஒருத்தன் மேல, ஒருத்தன் கீழங்கிறது தலையெழுத்து இல்ல, மனுசன் பண்ணுனது, மனுசனே மாத்தலாம். சாரம் இதுதாண்டா. இதச் சொல்ல ஒனக்கு நாப்பது பக்கம் எதுக்கு?

எப்படி மாத்தறதுங்கிறதுலதான் பங்காளிச் சண்டை. அரசாங்கத்தக் கையில புடிக்கணும்னாரு மார்க்ஸ். அரசாங்கமே ஆகாதுன்னாரு பகுனின். 1872-லயே ரெண்டு பேரும் இருந்த தொழிலாளர் சங்கத்துலேருந்து பகுனின வெளிய அனுப்பிட்டாங்க. நம்ம பக்கம் மட்டும் லேசுப்பட்டதா? ஓட்டு வாங்கியே ஆளலாம்னு 1957-ல கேரளாவுல நம்பூதிரிபாடு செஞ்சு காட்டுனாரு. 1964-ல அவரோட கம்யூனிஸ்ட் கட்சி ரெண்டாச்சு. ஓட்டெல்லாம் ஏமாத்துன்னு 1967-ல நக்சல்பாரியில கெளம்புனவங்க 1969-ல தனிக்கட்சி கண்டாங்க. அப்பறம் ஒடஞ்சத எண்ண எனக்கு வெரலு பத்தாது.

சிரிச்சிட்டே எந்திரிச்சுப் போயிராத. எங்க தஞ்சாவூருச் சீமையில பண்ணையாளுக்குத் தண்டனைன்னா சவுக்கடி, சாணியக் கரைச்சுக் குடிக்க வைக்கிற சாணிப்பாலு. கர்நாடகத்துலேருந்து வந்த சீனிவாசராவு சேரிக்குள்ள உக்காந்து சங்கம் கட்டுனாரு. 1944-ல மிராசுதாருங்கள மன்னார்குடியில ஒப்பந்தம் போட வச்சாங்க. கொடுமை அப்பத்தான் ஓய ஆரம்பிச்சுது.

1968 டிசம்பர் 25. கூலி கூட்டிக் கேட்டு, செங்கொடிய எறக்க மாட்டோம்னதுக்கு, அதே சீமையில கீழ்வெண்மணியில 44 பேரக் குடிசையோட கொளுத்துனாங்க. பொம்பளையும் புள்ளகுட்டியுந்தான் நெறைய. 1973-ல ஐகோர்ட்டு மிராசுதாருங்கள விட்டுருச்சு. செத்தவங்க என்ன புத்தகம் படிச்சா கொடி புடிச்சாங்க? களத்துல அளக்குற நெல்லு வயித்துக்குப் பத்தலடா. அந்தக் கணக்கு போதாதா?

நீ என்னடான்னா, எவன் அசல், எவன் போலின்னு விடிய விடிய வாதம் பண்ற. பண்ணு, யாரு வேணாங்கிறா? அதுக்கு முந்தி ஒரு காரியம் செய்யி. ஒங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிற அம்மா காய்ச்சல்னு வராத நாளுக்குச் சம்பளம் புடிக்கிறாங்களாமே? மொதல்ல அத நிறுத்தச் சொல்லு. தத்துவத்த அப்பறம் பேசிக்கலாம்.